தரை தொட்டும் ஓயாத மோட்டார்



செம்பனைத் தோட்டங்களிலும் செக்கிஞ்சான் போன்ற நெல் வட்டாரங்களிலும் மருந்து தெளிக்க டிரோன் பறப்பதை இப்போது நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். திருமண வீட்டிலும் அது படம் பிடிக்க வந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் கையிலும் சிறிய டிரோன்கள் இருக்கின்றன. இன்று நாம் பார்க்கப் போவது அதன் பறக்கும் அழகையல்ல. தரையில் இறங்கிய பிறகும் சில வேளைகளில் அதன் மோட்டார் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது ஏன் என்பதைத்தான். சில டிரோன்கள் சும்மா சுற்றும். சில தவளை போலத் தத்தித் தத்தி எழும்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்கிறார்? கையை நீட்டித் தூக்கப் பார்க்கிறார். விரலுக்கு ஆபத்து வருவது அங்கேதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் விசிறியின் நுனி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தூரம் ஓடுகிறது. ஆகவே வினாடிக்கு 40 மீட்டர். மணிக்கு 144 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்த வேகமே 110 தான். "மெதுவாகத்தானே சுற்றுகிறது" என்று நம் கண் சொல்வதை நம்பக் கூடாது.

சரி, தரை தொட்டது டிரோனுக்கு எப்படித் தெரியும்? நமக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது. பெரும்பாலான டிரோன்களின் காலில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை சில அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு அடுக்குமாடியின் மின்தூக்கியில் நின்று பாருங்கள். அது கிளம்பும்போதும் நிற்கும்போதும் உடம்பு உணரும். இடையில் ஒரே சீராக இறங்கும்போது, இறங்குகிறோமா நிற்கிறோமா என்று தெரியவே தெரியாது. டிரோனில் உள்ள முடுக்கமானியின் நிலையும் இதேதான். சீரான வேகத்தில் இறங்குவதும் அசையாமல் நிற்பதும் அதற்கு ஒன்றே.

அதனால் வேறு சான்றும் தேவைப்படுகிறது. ஆர்டுபைலட் என்பது பலரும் பயன்படுத்தும் ஒரு பொது மென்பொருள். அது என்ன கேட்கிறது தெரியுமா? மோட்டார்களின் விசை அடிமட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். இறங்கும் வேகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். உடலில் ஆட்டம் அடங்கியிருக்க வேண்டும். இவையெல்லாம் ஏறக்குறைய ஒரு வினாடி சேர்ந்து நிலைத்தால்தான் "இறங்கிவிட்டோம்" என்று முடிவு கட்டும். அதற்குப் பிறகும் கைமுறையாகப் பறக்கும்போது, த்ரோட்டில் பிடி கீழே இருந்தால், 10 வினாடி கழித்துத்தான் மோட்டாரை நிறுத்தும்படி முதல் அமைப்பு இருக்கிறது. பிஎக்ஸ்4 என்ற இன்னொரு மென்பொருளில் அது 2 வினாடி. ஆறாவது வினாடியில் "பழுது, பழுது" என்று பதறுகிறவர்கள் உண்டு. அவர்கள் இன்னும் நான்கு வினாடி பொறுத்தால் போதும்.

இதில் எந்தச் சான்று கெட்டாலும் மோட்டார் ஓயாது. மிகச் சாதாரணமான காரணம் நம் கையில்தான் இருக்கிறது. பல டிரோன்களின் த்ரோட்டில் பிடியில் வில் உண்டு; விட்டால் நடுவுக்கு வந்து நிற்கும். நடுநிலை என்றால் "இதே உயரத்தில் இரு" என்று பொருள். தரை தொட்டதும் பிடியை விட்டுவிடுகிறோம். நாம் நினைப்பது "நில்". அதற்குப் போவது "மிதந்துகொண்டிரு". பிடியைக் கடைசி வரை கீழே இழுத்து, விசிறி நிற்கும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்றழுத்தமானி. நம் நாட்டின் தாழ்வான பகுதிகளில் ஏறக்குறைய 8 மீட்டர் உயர்ந்தால் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. தரையை ஒட்டி வரும்போது விசிறி தள்ளும் காற்று அடியில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டும். கால் ஹெக்டோபாஸ்கல் கூடினாலே இரண்டு மீட்டர் பிழை! "நான் திடீரென்று தாழ்ந்துவிட்டேன்" என்று எண்ணி டிரோன் விசையைக் கூட்டுகிறது. தவளைப் பாய்ச்சலுக்கு இது ஒரு காரணம். விசிறி கோணியிருந்தாலும் கால் தளர்ந்திருந்தாலும் உடல் நடுங்கும். ஆட்டம் அடங்கவில்லை என்று அது நினைக்கும். சரிவிலோ உயர்ந்த லாலான் புல்லிலோ இறக்கினாலும் தொல்லைதான். செம்பனை வரிசைக்கு நடுவே இறக்க வேண்டியிருந்தால் ஒரு தட்டையான பலகையைப் போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கையால் தூக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிரோன் இன்னும் பறப்பதாகவே எண்ணுகிறது. நீங்கள் தூக்கும்போது அது சாய்கிறது. சாய்ந்த பக்கத்தை நிமிர்த்த அந்தப் பக்க மோட்டாரை முடுக்குகிறது. நீங்கள் இறுக்கிப் பிடித்தால் நிமிரவில்லையே என்று மேலும் முடுக்கும். துணியை மேலே எறிந்து நிறுத்துவதும் கூடாது. விசிறி அதை இழுத்துச் சுற்றி உடைந்து பறக்கும்.

ஆகவே நாலைந்து எட்டு பின்னால் நில்லுங்கள். பிடி கீழே இருக்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்தக் கட்டளை உண்டு. ஆர்டுபைலட்டில், பலரும் பழகிய அமைப்பின்படி, இடது பிடியைக் கீழ் இடது மூலையில் இரண்டு வினாடி வைப்பது. வேறு பல டிரோன்களில் இரண்டு பிடிகளையும் கீழ் மூலைகளுக்கு இழுப்பது. உங்களுடையது எது என்பதைப் பறப்பதற்கு முன்பே கையேட்டில் பார்த்துவிடுங்கள். இதே கட்டளை ஆகாயத்தில் கொடுத்தால் சில டிரோன்கள் கல்லாக விழும், அதையும் நினைவில் வையுங்கள். முதலில் ரிமோட்டை அணைக்க வேண்டாம். தொடர்பு அறுந்தது என்று எண்ணி, வீடு திரும்புவதற்காக அது மேலே கிளம்பக்கூடும். டிரோனின் மின்கலத்தைத் துண்டித்த பிறகுதான் ரிமோட்.

பழுதைத் தேடும்போது ஒரே கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்: எல்லா மோட்டாரும் சுற்றினவா, ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் மேலே சொன்னவற்றையும் ரிமோட்டையும் பாருங்கள். ரிமோட்டிலிருந்து த்ரோட்டிலுக்குப் போகும் அளவு பொதுவாக 1,000 முதல் 2,000 மைக்ரோ வினாடி வரை. பிடி அடியில் இருந்தும் 1,080 என்று காட்டினால், பலகைக்கு அது அடியல்ல. திருத்தப் பொத்தான் நகர்ந்திருக்கும், அல்லது ரிமோட்டின் அளவை மறுபடி பதியவைக்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சுற்றினால் அந்த மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் அடிமட்ட அளவு சரியாகப் பதியவில்லை என்று ஐயப்படலாம். நான்கிற்கும் சேர்த்தே மறுபடி பதியுங்கள். பிள்ளைகளின் மலிவான டிரோனில், மின்கலத்தைச் செருகியவுடனே ஒரு மோட்டார் தானாக ஓடினால், அதற்கு மின்சாரம் விடும் டிரான்சிஸ்டர் உருகி ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதை மாற்றத்தான் வேண்டும். பழக்கிச் சரிசெய்ய முடியாது.

எந்தச் சோதனையானாலும் விசிறிகளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். அப்படி மேசையில் வைத்துச் சிறிது விசை கொடுத்தால் மோட்டார்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வேகத்தில் தாமாகவே ஏறுவதைப் பார்ப்பீர்கள். விசிறி இல்லாததால் எவ்வளவு திருத்தியும் உடல் அசையவில்லையே என்று பலகை மேலும் மேலும் திருத்துகிறது, அது பழுதல்ல.