கணினியில் உங்கள் வயல்: வரப்பு எப்படிப் பதிவாகிறது?

பட்டா, சிட்டாவைச் சரிபார்க்கும் விவசாயிகளில் பலர் புலப்படத்தைப் பார்ப்பதில்லை. வரப்புத் தகராறு வரும்போது முதலில் தேவைப்படுவது அதுதான். நிலத்தின் வடிவம் கணினியில் எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்திருந்தால் தவறுகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்.

புள்ளி, கோடு, பரப்பு

திருவண்ணாமலை கிரிவலத்தையே உதாரணமாகக் கொள்ளலாம். எட்டு லிங்கங்களும் எட்டுப் புள்ளிகள். சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஒரு கோடு. அது வளைத்துக்கொண்ட மலை ஒரு பரப்பு. வயலும் அப்படித்தான். கிணறும் எல்லைக் கல்லும் புள்ளிகள். வாய்க்காலும் வண்டிப்பாதையும் கோடுகள். சர்வே எண் ஒரு பரப்பு.

சர்வேயர் புலத்தின் குறுக்கே மூலைவிட்டக் கோடு இழுத்து, அதிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரத்தைக் குறிப்பார். நாற்கோண வயல் ஒன்றின் மூலைவிட்டம் 60 மீட்டர், இருபக்கச் செங்குத்து அளவுகள் 20, 24 மீட்டர் என்றால், 60-ஐ 44-ஆல் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். கிடைப்பது 1,320 சதுர மீட்டர், அதாவது 13.20 ஏர், ஏறத்தாழ 32½ சென்ட். பட்டாவிலும் 0-13.20 என்று இருக்க வேண்டும். இந்த அளவுகளைக் கணினியில் ஏற்றிப் படமாக்கத் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘கொலாப்லேண்ட்’ என்ற மென்பொருள் தமிழ்நாட்டில் பயன்படுகிறது.

கட்டம் கட்டமாக

செயற்கைக்கோள் படம் வேறு வகை. அதில் வரப்புக் கோடு கிடையாது; எல்லாம் சதுரக் கட்டங்களே. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் மிகச் சிறிய கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 1 ஏர். மணிலா எவ்வளவு பரப்பில் நிற்கிறது, ஏரியில் நீர் எதுவரை பரவியுள்ளது என்று அறிய அது உதவும். ஓர் அடி அகல வரப்பை அதில் தேடுவது வீண் வேலை.

ஒரு வரப்பு, இரு வயல்

இரு வயலுக்கும் பொதுவான வரப்பைக் கணினியில் ஒரே கோடாகப் பதிந்து, இடப்புறம் இன்ன எண், வலப்புறம் இன்ன எண் என்று குறிப்பதே நல்ல முறை. ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே வரைந்தால் இரண்டு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அல்லது நடுவே யாருக்கும் சேராத துண்டு தோன்றும். பழைய புலப்படங்கள் சர்வே எண் வாரியாகத் தனித்தனித் தாள்கள். அவற்றை ஒட்டிக் கிராமப் படமாக்கும்போது இந்தக் குறை தலைகாட்டுவதுண்டு.

கூட்டுப் பட்டாவில் இன்னொரு சிக்கல். அண்ணன், தம்பி பாகப் பிரிவினைப் பத்திரம் பதிந்து, நடுவே வரப்பும் போட்டிருப்பார்கள். உட்பிரிவு செய்யாத வரையில் படத்தில் அந்த வரப்பு இராது. ஒரே பரப்பு, அதற்கு இரண்டு பெயர்கள், அவ்வளவே. தம்பி தன் பங்கை விற்கப் போகும்போதுதான் எந்தப் பக்கம் யாருடையது என்ற வழக்கு எழும்.

கவனிக்க வேண்டியவை

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் சிட்டாவோடு புலப்படத்தையும் எடுத்து, இரண்டிலும் உட்பிரிவு எண்ணும் பரப்பும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாகம் பிரித்தவர்கள் இ-சேவை மையம் மூலம் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து நிலக்காரரும் உடனிருப்பது நல்லது.

பொதுக் கிணற்றில் முறைத்தண்ணீர், அடுத்தவர் வயல் வழியே வண்டித்தடம் போன்ற உரிமைகளைப் புலப்படம் மட்டும் நிலைநாட்டாது. அவற்றைப் பத்திரத்தில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். எல்லைக் கல்லை உழவின்போது பெயர்க்காமல் காப்பதும் அவசியம். கணினிப் படத்தை நிலத்தில் பொருத்திப் பார்க்க அந்தக் கல்தான் ஆதாரம்.