டாங்கிள் வாங்கப் போகுமுன்

கைப்பேசியில் ஹெட்போன் செருகுவதற்கென்று இருந்த சிறு வட்டத் துளை மெல்ல மறைந்து வருகின்றது. 2016-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7-இல் அத்துளையை நீக்கியது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. அன்று எங்கோ செய்யப்பட்ட அம்முடிவு இன்று கல்லாவி போன்ற சிற்றூர்க் குடும்பங்களின் கணக்குப் புத்தகத்திலும் ஒரு புதிய செலவாக ஏறியிருக்கின்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஐபோனின் பாகங்கள் நம் மாவட்டத்து ஓசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் உருவாகின்றன. எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டத்து நரசாபுரத்தில் டாடா குழுமம் 2023-இல் விலைக்கு வாங்கிய ஆலையில் முழுப் போனே பூட்டி முடிக்கப்படுகின்றது. துளையில்லாத போனைச் செய்து தரும் நம் பிள்ளைகள், இல்லாத அத்துளைக்காகத் தங்கள் சம்பளத்திலிருந்து தனியே விலை கொடுக்கின்றனர்!

அவர்கள் வாங்கும் அந்தச் சிறு கருவிக்குப் பெயர் டாங்கிள். விரல் நீளமே உள்ள இதன் ஒரு முனை போனின் டைப்-சி வாயில் செருகப்படும். மறுமுனையில் ஹெட்போனுக்கான பழைய வட்டத் துளை இருக்கும். இதற்குள்ளே இரு வேலைகள் நடைபெறுகின்றன. போனுக்குள் பாட்டு வெறும் எண்களாகவே இருக்கின்றது. அவ்வெண்களை மின் அலையாக மாற்றுவது முதல் வேலை. இதைச் செய்யும் சில்லை டி.ஏ.சி. என்பர். அவ்வலைக்கு வலுவூட்டி ஹெட்போனை இயக்குவது ஆம்ப்ளிஃபையரின் வேலை. இவ்வளவுதான். ஆனால் கடையிலோ இது ஐந்நூறு ரூபாய்க்கும் உண்டு, பத்தாயிரத்துக்கும் உண்டு. முதற்சம்பளம் வாங்கிய மகன், "நல்ல டாங்கிள் இல்லாமல் பாட்டுக் கேட்பதில் பயனில்லை" என்று சொல்லிப் பெருந்தொகையைக் கேட்கும்போது, பெற்றோர் மறுக்கவும் வழியறியாமல், கொடுக்கவும் மனமில்லாமல் திகைப்பதைக் காண்கின்றோம். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

முதலில், டாங்கிள் தேவைதானா என்று பாருங்கள். போனில் வட்டத் துளை இருக்குமானால் பெரும்பாலும் தேவையில்லை. குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இன்றும் அது இருக்கின்றது. புளூடூத் வகை இயர்போன் வைத்திருப்போருக்கு டாங்கிள் எவ்விதத்திலும் உதவாது. அந்த இயர்போனுக்குள்ளேயே சில்லும் ஆம்ப்ளிஃபையரும் அடங்கியுள்ளன.

தேவைதான் என்றால், அடுத்து ஓர் எச்சரிக்கை. நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்கவிடப்பட்டிருக்கும் இணைப்பான்கள் சிலவற்றில் சில்லே கிடையாது. உள்ளே வெறும் கம்பிதான். மின் அலையைத் தானே வெளியே அனுப்பும் சில போன்களில் மட்டும் அவை பாடும். மற்றவற்றில் ஊமையாகவே இருக்கும். ஆகவே உங்கள் போனையே எடுத்துச் சென்று, கடையிலேயே செருகிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆள்விட்டு வாங்குவோருக்கு இந்த வசதி இல்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். டாங்கிளைத் தேர்ந்தெடுக்கச் செய்வது டாங்கிள் அன்று. உங்களிடம் உள்ள ஹெட்போனே. அதன் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மின்தடை, ஓம் என்னும் அளவில் இருக்கும். மற்றது, ஒரு மில்லிவாட் மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பது. இவ்விரண்டையும் வைத்துப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டால் கடைக்காரரின் பேச்சு முழுவதும் தெளிந்துவிடும்.

சாதாரண இயர்போன் ஒன்றுக்கு 32 ஓம் தடையும் 100 டெசிபலும் இருப்பதாகக் கொள்வோம். டாங்கிள் கொடுக்கக்கூடிய உச்ச அளவு ஒரு வோல்ட்டு என்க. வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 31 மில்லிவாட் கிடைக்கின்றது. அதில் எழும் ஒலி 115 டெசிபல்! காது பொறுக்கும் ஒலியன்று அது. 85 டெசிபலில் கேட்பதே உரத்த கேள்வி. அதற்கு வேண்டுவது அந்த மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே இரண்டு வோல்ட்டு, நான்கு வோல்ட்டு என்று விளம்பரம் செய்யும் டாங்கிளை இத்தகைய இயர்போனுக்கு வாங்குவது, வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்க ரயில் என்ஜினைப் பூட்டுவது போன்றதாகும். போனின் பாட்டரி விரைவில் தீர்வதும், டாங்கிள் சூடேறுவதும், மெல்லிய இசையின் பின்னே 'உஸ்' என்ற இரைச்சல் கேட்பதும் சில சமயம் கூடுதல் பலன்கள்.

வலுவான டாங்கிள் தேவைப்படுவோரும் உண்டு. சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு அதே ஒரு வோல்ட்டு 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேலாகவே தரும். அங்கு கூடுதல் வோல்ட்டுக்குப் பொருளுண்டு. ஆனால் அத்தகைய ஹெட்போன் நம் வீடுகளில் எத்தனை பேரிடம் இருக்கின்றது?

ஆப்பிள் நிறுவனம் 2018-இல் டைப்-சி முனையோடு வெளியிட்ட சிறு இணைப்பான் கிட்டத்தட்ட அந்த ஒரு வோல்ட்டைத் தருவதே. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் தூய ஒலி தருவதில் இதற்கு நற்பெயர் உண்டு. ஐபோன் 15 முதலான போன்களுக்கு இது போதுமானது. ஐரோப்பாவில் விற்கும் வகையில் வோல்ட்டு பாதியே. வெளிநாட்டு உறவினர் வாங்கி வருவதாயிருந்தால் கவனம் வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் இது ஒலியை மிகக் குறைவாகவே எழுப்பும் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். அவர்களுக்கு ஜேகேலி, ஃபியோ, மூன்டிராப் முதலிய சீன நிறுவனங்களின் சிறு டாங்கிள்கள் ஏற்றவை. மூவாயிரம் ரூபாய்க்குள் நல்லவை கிடைக்கின்றன. சிர்ரஸ் லாஜிக் நிறுவனத்தின் ஒரே சில்லு மலிவான டாங்கிளிலும், பன்மடங்கு விலையுள்ளதிலும் இடம்பெறுவதுண்டு. சில்லின் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம்.

பெட்டிமேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டும் மயங்க வேண்டாம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே இசையைத் தந்தது. அவ்வளவைக் கொண்டே 22,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பதிய முடியும். இளம் செவிக்கே எல்லை 20,000. வயது ஏற ஏற அதுவும் குறையும். எம் வயதினருக்கு அப்பொன்னெழுத்தால் பயன் யாதும் இல்லை.

பெட்டியில் அச்சிடாத ஒன்றே குடும்பங்களுக்குப் பெரிது. இசைப் பிரியர்களுக்கென்று செய்யப்படும் டாங்கிள்கள் பலவற்றில் இயர்போனின் மைக் வேலை செய்யாது. ஓசூர் விடுதியிலிருந்து இரவில் தாயோடு பேசும் மகளுக்கு, இது தெரியாமல் வாங்கிய விலையுயர்ந்த டாங்கிள் வீண். கடையில் ஓர் அழைப்பு செய்து பேசிப் பாருங்கள். கம்பி கழுத்தில்தான் முதலில் அறுகின்றது. கழற்றி மாற்றத்தக்க கம்பியானால் ஆயுள் கூடும். டாங்கிள் செருகியிருக்கும்போது பெரும்பாலும் அந்த வாய் வழியே சார்ஜ் ஏற்ற முடியாது என்பதையும் நினைவிற் கொள்க.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்துக்குள் எழும் இரைச்சலைப் பயணம் செய்தோர் அறிவர். அதை அடக்கவே இளைஞர் ஒலியைக் கூட்டுகின்றனர். வலுவான டாங்கிள் அதற்குக் கைகொடுக்கும், ஆபத்தும் அங்கேதான். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபலானால் 4 மணி நேரமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பகலெல்லாம் இயந்திர ஓசையில் நிற்கும் தொழிலாளியின் செவிக்கு அந்த நான்கு மணி நேரமும் மிகுதி. ஒலியால் அழிந்த உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே டாங்கிளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை, காதில் இறுகப் பொருந்தி வெளி இரைச்சலைத் தடுக்கும் ரப்பர் முனையுள்ள இயர்போனுக்குச் செலவிடுவதே மேல். இரைச்சல் தணிந்தால் ஒலியைக் கூட்டும் தேவையும் தணியும். பெரிது, நடு, சிறிது என மூன்று அளவு முனைகள் பெட்டியிலேயே வரும். இரு காதுகளுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டுமென்பதில்லை, தனித்தனியே போட்டுப் பாருங்கள்.