வெண்கோடு எங்கிருந்து வந்தது?

கல்லூரியின் மீலாத் விழாக் கண்காட்சிக்கு நானும் என் தோழியும் ஓர் இணையப் பக்கம் தயாரித்தோம். பக்கத்தின் இடது மேல் மூலையில் தொடங்கி, டைல் பதித்தது போன்ற ஒரு கோலம். ஒவ்வொன்றும் 33 அலகு அகலமுள்ள பச்சைச் சதுரம். நடுவே பொன்னிற நட்சத்திரம். வரிசைக்கு எட்டுச் சதுரங்கள். அளவுகளைக் கணித்தவள் தோழி, நிறங்கள் என் பொறுப்பு.

கல்லூரிக் கணினியில் கோலம் குறையின்றித் தெரிந்தது. அன்றிரவு நானாவின் மடிக்கணினியில் திறந்தால், சதுரங்களுக்கிடையே மயிரிழை போன்ற வெண்கோடுகள்! “உன் கணக்கு எங்கேயோ பிழைத்துவிட்டது” என்று தோழியிடம் சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை.

மறுநாள் அவளது எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். 33, 66, 99, 132... ஓர் இடைவெளியும் இல்லை. வேறோர் இணைய மேலோடியில் திறந்தேன். அங்கும் அதே கோடுகள். பின்னணியைச் சிவப்பாக மாற்றினேன். வெண்கோடுகள் மறைந்து, அதே இடங்களில் பழுப்புச் சாயலில் கோடுகள் வந்தன. ஆகவே கோடு யாரும் வரைந்ததல்ல. பின்னணிதான் சதுரங்களினூடே கசிந்து தெரிகிறது.

உற்றுப் பார்த்தபோது இன்னொரு தடயம் கிடைத்தது. முதல் மூன்று இணைப்புகளில் கோடு உண்டு, நான்காவதில் இல்லை. அடுத்த மூன்றில் மீண்டும் உண்டு. மூன்றில் நடுவிலுள்ளதே மிகத் தெளிவாகத் தெரிந்தது. கவனக்குறைவான பிழை இவ்வளவு ஒழுங்காக வராது.

விடை மடிக்கணினியின் திரை அமைப்பில் இருந்தது. எழுத்துகள் பெரிதாகத் தெரிவதற்காக நானா அதை 125 வீதத்தில் வைத்திருந்தார். அதனால் எங்கள் ஓர் அலகு, திரையின் 1.25 பிக்சலாகிறது. பிக்சல் என்பது திரையிலுள்ள மிகச்சிறிய நிறப்புள்ளி. முதற் சதுரத்தின் ஓரம் 33 × 1.25 = 41.25 இல் விழுகிறது. அடுத்தவை 82.5, 123.75, 165. நான்காவது மட்டுமே முழு எண். கோடில்லாத இணைப்பும் அதுதான்.

ஒரு பிக்சலுக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறமே இருக்க முடியும். எஸ்.வி.ஜி. என்னும் காவிப் படத்தில் ஓரம் பிக்சலின் நடுவே விழுந்தால், மேலோடி அதை அரைகுறையாக நிறமூட்டுகிறது. சாய்ந்த கோடுகள் படிக்கட்டுப் போலத் தெரியாமலிருக்கச் செய்யும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் இரு சதுரங்கள் ஒரே பிக்சலைப் பங்கிடும்போது சிக்கல் வருகிறது. 82.5 இல் முதலாவது சதுரம் பாதியை மூடுகிறது. 50 வீதம் வெள்ளை மிஞ்சுகிறது. அடுத்தது வந்து எஞ்சிய பாதியை அப்படியே நிரப்புவதில்லை. மிஞ்சிய வெள்ளையில் பாதியைத்தான் மறைக்கிறது. 25 வீதம் வெள்ளை தங்கிவிடுகிறது. மெல்லிய திரைச்சீலைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டாலும் சிறிது வெளிச்சம் வருவது போலத்தான். 41.25 இலும் 123.75 இலும் 18.75 வீதமே மிஞ்சும். நடுக்கோடு பளிச்சென்று தெரிந்ததன் காரணம் இதுவே.

உறுதிப்படுத்த, மேலோடியின் பெரிதாக்கலை 80 வீதமாகக் குறைத்தேன். 1.25 × 0.8 = 1. கோடுகள் எல்லாம் மறைந்தன.

ஆனால் பார்க்க வருபவர்களின் திரைகளை நாம் மாற்ற முடியாதே! ஆகவே சதுரங்களுக்கு அடியில், கோலத்தின் முழுப் பரப்பையும் மூடும் ஒரே பச்சைச் செவ்வகத்தை வரைந்தோம். இப்போதும் இணைப்புகளில் பின்னணி கசிகிறது. கசிவது பச்சை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. செவ்வகம் ஒரே துண்டாக இருப்பதால் அதற்குள் இணைப்புகளே இல்லை.

தோழியின் கணக்குச் சரி. மேலோடியும் தன் விதிப்படியே நடந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தும், சேருமிடத்தில் ஒரு வழு பிறந்திருக்கிறது. இதையெல்லாம் தாளில் எழுதிக்காட்டி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தாளை வாங்கி, 18.75 என்ற விடையைத் தானும் ஒருமுறை செய்துபார்த்த பிறகுதான் சிரித்தாள்.