திருப்பூருக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

ஆண்டுதோறும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியானபின், பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பலாமா?" மழை பொய்த்த ஆண்டுகளில் இக்கேள்வி மிகுதியாக எழுகின்றது. கேட்பவர் முகத்தில் நம்பிக்கையும் அச்சமும் ஒருங்கே தோன்றக் காண்கின்றோம். அங்கே வேலை உண்டு என்பதை அவர்கள் அறிவார்கள். அந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும், பிள்ளையை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அவர்கள் அறியார்கள். "போகட்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் எளிது. ஆனால் அது பொறுப்பான விடையாகாது. ஆகவே திருப்பூர் எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியில் தொழிலாளிக்குக் கிடைத்தது யாது, அத்தொழில் எத்திசையில் செல்கின்றது என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பனியன் நகரம் வளர்ந்த வரலாறு

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், முன்னாளில் பருத்திச் சந்தைக்கும் ஜின்னிங் ஆலைகளுக்கும் பெயர் பெற்ற சிறு நகரம். அந்நாளில் பனியன் தொழிலுக்குக் கல்கத்தாவே தலைமையிடம். 1920களில் அத்தொழில் திருப்பூரில் கால் ஊன்றியது. நெடுங்காலம் வரை இந்நாட்டு மக்கள் அணியும் வெள்ளைப் பனியனே இங்கு உருவாயிற்று. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்களின் வருகையால் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. அதன்பின் ஏற்பட்ட வளர்ச்சி வியப்புக்குரியது.

1985ஆம் ஆண்டளவில் திருப்பூரின் நேரடி ஏற்றுமதி ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. 2006-07 வாக்கில் அது 10,000 கோடியைத் தாண்டியது. 2021-22இல் 30,000 கோடியையும் கடந்தது. இந்தியாவிலிருந்து வெளிநாடு செல்லும் பருத்திப் பின்னலாடையில் பெரும்பகுதி இந்த ஒரு வட்டாரத்தினின்றே செல்கின்றது. மக்கள்தொகையும் அவ்வாறே பெருகிற்று. 1991இல் சுற்றுப்புறங்களையும் சேர்த்து 3 லட்சத்தைச் சற்றே கடந்திருந்த நகரம், 2001இல் ஐந்தரை லட்சமாயிற்று. 2011இல் 9 லட்சத்து 60 ஆயிரத்தைத் தாண்டியது. இருபதே ஆண்டுகளில் மும்மடங்கு! இவர்களுள் பெரும்பாலோர் மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலி, தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் பங்குக் குடும்பங்களில் திருப்பூரில் உறவினர் இல்லாத குடும்பம் அரிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

தொழிலாளி முதலாளியான காலம்

இவ்வளர்ச்சிக்கு அடிப்படை யாது? பெருஞ்செல்வர் எவரும் வந்து பேராலை அமைத்ததால் திருப்பூர் வளரவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். கிணறு வற்றிய கொங்கு நாட்டு வேளாண் குடும்பங்களின் இளைஞர்கள் பலர், முதலில் பனியன் கம்பெனிகளில் கூலிக்கு அமர்ந்தனர். கட்டிங் மேசையிலும் தையல் பொறியிலும் தொழிலைக் கற்றனர். பின்னர் நிலத்தை விற்றோ அடகு வைத்தோ நான்கு தையல் பொறிகள் வாங்கித் தாமே சிறு கம்பெனி தொடங்கினர். தம்முடன் வேலை செய்தவரையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டவரும் உளர். சரத் சாரி என்னும் ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இது இயன்றதற்குத் தொழிலின் அமைப்பே காரணம். ஒரு பனியன் உருவாக நூல் பின்னப்பட வேண்டும். பின்னிய துணி வெளுக்கப்பட்டுச் சாயமேற்றப்பட வேண்டும். பிறகு கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல படிகள். ஒவ்வொரு படியையும் வெவ்வேறு பட்டறை செய்து கொடுக்கலாம். 'ஜாப் ஒர்க்' என்று அழைக்கப்படும் இம்முறையில், சிறு முதல் உடையவரும் ஏதேனும் ஒரு படியில் காலூன்ற முடிந்தது. கைமடிப் பையனாக நுழைந்தவன் டெய்லராகி, டெய்லர் கான்ட்ராக்டராகி, கான்ட்ராக்டர் முதலாளியாக உயரும் ஏணி ஒன்று அந்நகரில் இருந்தது.

ஆயினும் அவ்வேணியில் எல்லாரும் ஏறிவிடவில்லை. நிலமும் உறவும் உடையவருக்கு அது எளிதாயிற்று. வெறுங்கையோடு வந்தவருக்கு அரிதாயிற்று. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. தொழிற்சங்கங்களின் வரலாற்றில் அது குறிப்பிடத்தக்க போராட்டம். ஆனால் அதன் பிந்தைய ஆண்டுகளில் ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள் பல சிறு பட்டறைகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் மேலும் மேலும் பிரிந்து சென்றன. வேலை பெருகியது, அதே வேளையில், தன் முதலாளி யார் என்பதையே அறியாத தொழிலாளியும் பெருகினான்.

நொய்யல் கற்பித்த பாடம்

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மிகுந்த உப்பு தேவை. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவுநீர் பல்லாண்டுகள் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்கென அவ்வாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணை நீரைத் திறக்க வேண்டா என்று உழவர்களே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. பாசனத்துக்கு எழுந்த அணையைக் கண்டு உழவன் அஞ்சினான் என்றால், அக்கொடுமையை என்னென்பது!

உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமற் போகவே, 2011 சனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உத்தரவிட்டது. ஏறத்தாழ 700 பட்டறைகள் ஒரே நேரத்தில் அடைபட்டன. சாயமின்றித் துணியில்லை, துணியின்றித் தையலில்லை. தவறு செய்யாத டெய்லரும் செக்கிங் பெண்களும் வேலை நாட்களை இழந்தனர். பலர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊர் திரும்பினர்.

பின்னர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் பிரித்து, மீண்டும் சாயப்பட்டறைக்கே அனுப்பும் நிலையங்கள் அமைந்து தொழில் படிப்படியாக மீண்டது. இது பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் அதற்கான செலவு பெரிது. நான்கு பொறிகளோடு தொழில் தொடங்கிய காலம் மலையேறிவிட்டது. சாயத்துக்கு மட்டுமன்று; வெளிநாட்டு வணிகர் கோரும் சான்றிதழ்கள், கணினியால் இயங்கும் கட்டிங் பொறிகள், கடன் தாங்கும் வலிமை ஆகிய யாவும் பெருமுதல் உடையவர்க்கே இயல்பவை. முன்னைய ஏணி முற்றும் மறைந்துவிடவில்லை. ஆனால் அதன் முதற்படி உயர்ந்துவிட்டது. இதனைப் பெற்றோர் உணர்தல் நன்று. "போனால் பத்தாண்டில் முதலாளி ஆகிவிடுவான்" என்பது அன்றைய கதை. இன்று அது அரிதாக நிகழ்வது.

ஆர்டர் வந்தால் வேலை

அடுத்து நாம் அறிய வேண்டியது, இத்தொழிலின் வாழ்வும் தாழ்வும் நெடுந்தொலைவிலிருந்து வருகின்றன என்பது. ஆடை வணிகத்தில் நாடுகளுக்கிடையே இருந்த கோட்டா முறை 2005 சனவரி முதல் நாள் முடிவுற்றபோது ஆர்டர்கள் பெருகின. ஆனால் வங்கதேசம் ஐரோப்பாவில் இறக்குமதித் தீர்வையின்றி விற்கும் சலுகை பெற்றிருந்தமையால் போட்டி கடுமையாயிற்று. 2020இல் பெருந்தொற்று, 2021-22இல் நூல் விலையேற்றம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது இருமுறை கூட்டி விதித்த 50 விழுக்காடு வரி. திருப்பூரின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில் அவ்வரி வந்தது. வாஷிங்டனில் இடும் ஒரு கையெழுத்து திருப்பூர்ச் சந்து ஒன்றில் அமர்ந்திருக்கும் டெய்லரின் சம்பளத்தைத் தொடுகின்றது.

எவ்வாறு தொடுகின்றது? அங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை உழைத்தால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் மிகுந்த நாட்களில் ஒன்றரை ஷிப்டே வழக்கம். குடும்பங்கள் வாடகையையும் கடன் தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் ஒன்றரை ஷிப்ட் கூலியை வைத்தே கணக்கிடுகின்றன. ஆர்டர் குறைந்தால் பெரும்பாலும் கம்பெனி உடனே மூடப்படுவதில்லை, ஆட்களை உடனே நீக்குவதுமில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகக் குறைகின்றது, அவ்வளவே. புள்ளிவிவரக் கணக்கில் அத்தொழிலாளி வேலையில் இருப்பவரே. ஆனால் சனிக்கிழமை மாலை அவர் கையில் வாங்கும் பணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கோ பீஸ் இல்லாத நாளில் கூலியே இல்லை. ஏற்றுமதி உயர்ந்தது, வேலைவாய்ப்புப் பெருகியது என்னும் செய்திகளைப் படிக்கும்போது, இந்த வீட்டுக் கணக்கையும் நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு வட்டாரத்தின் தொழில் வளர்ச்சிக்கு உண்மையான அளவுகோல் இதுவே என்பது நம் கருத்து.

ஆள் தேடும் கம்பெனிகள்

மற்றொரு மாறுதலும் நேர்ந்துள்ளது. முன்பு ஆட்கள் கம்பெனியைத் தேடி வந்தனர். பின்னர்க் கம்பெனிகள் ஆட்களைத் தேடிச் செல்லத் தொடங்கின. சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பெண்களை ஏற்றிவரக் கம்பெனி வண்டிகள் விடியுமுன்னரே புறப்படுகின்றன. பீகார், ஒடிசா, சார்க்கண்டு, வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பல்லாயிரவர் வந்துள்ளனர். 2020இல் ஊரடங்கின்போது அவர்கள் பட்ட பாட்டை நாடே கண்டது. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அச்சத்தால் பலர் ஊர் திரும்ப முற்பட்டனர். அவர்களும் நம் பிள்ளைகளைப் போலவே தாய் தந்தையரைப் பிரிந்து வந்தவர்கள். "வடக்கத்தியர் வந்து நம் வேலையைப் பறிக்கின்றனர்" என்று பேசுவோர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நகருக்கு நம்மவர் எவ்வாறு வந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

பெண் மக்களைப் பற்றித் தனியே ஒரு சொல். 2000களில் இவ்வட்டார நூற்பு ஆலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரால் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். திருமணச் செலவுக்கெனத் திரட்டுத் தொகை முடிவில் தரப்படும் என்றனர். இடையில் உடல்நலம் குன்றி வெளியேறியவர்கள் அத்தொகையை இழந்தனர்; விடுதியினின்று வெளியே செல்லவும் பெற்றோருடன் பேசவும் தடைகள் இருந்தன. இதனை எதிர்த்து எழுந்த குரல்களாலும் வழக்குகளாலும் இம்முறை கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் பெயரை மாற்றிக்கொண்டு வரும் தரகரை இனங்காண்பது பெற்றோரின் கடமை. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் தர வேண்டிய கூலியை முடிவில் மொத்தமாகத் தருவோம் என்று எவர் கூறினாலும் அதனை ஏற்கலாகாது.

பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருவோம். திருப்பூருக்குப் பிள்ளையை அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் கேட்டறிந்து அனுப்ப வேண்டும்.

முதலாவதாக, கூலி நாட்கணக்கிலா, பீஸ் ரேட்டிலா, கொடுப்பவர் கம்பெனியா, கான்ட்ராக்டரா என்று கேளுங்கள். இரண்டாவதாக, வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உண்டா என்று கேளுங்கள். கான்ட்ராக்டரிடம் வேலை செய்பவருக்கும் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் இவ்வுரிமை உண்டு. வைப்பு நிதிக்குரிய 12 இலக்க எண்ணைப் பிள்ளை தன் கையில் வாங்கி வைத்திருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. "பிடித்தம் இல்லாமல் முழுப் பணமும் கையில் தருகிறோம்" என்னும் பேச்சில் மயங்க வேண்டா. பிள்ளையிடம் பிடிக்கும் பங்குக்கு ஈடாக முதலாளியும் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்பதே சட்டம். பிடித்தம் இல்லையெனில் அப்பங்கும் இல்லை. நோயுற்ற நாளிலும் ஆர்டர் இல்லாத மாதத்திலும் இதன் அருமை தெரியும்.

மூன்றாவதாக, தங்கும் இடத்தைப் பெற்றோரில் ஒருவர் நேரில் சென்று பாருங்கள். பெண் பிள்ளையாயின், தொல்லை நேர்ந்தால் முறையிடுவதற்குப் புகார்க் குழு கம்பெனியில் இருக்கின்றதா என்று வினவுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் அது இருத்தல் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது.

நான்காவதாக, இதுவே இன்றியமையாதது: பிள்ளை எந்தக் கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளப் போகின்றான்? கைமடியாகவே மூன்றாண்டு கழிப்பவன் ஆர்டர் குறைந்த நாளில் முதலில் வெளியேறுவான். பின்னல் பொறி மெக்கானிக், மின்பணியாளர், சுத்திகரிப்பு நிலையத்தை இயக்குபவர், சாய ஆய்வகப் பணியாளர் ஆகியோருக்கு நிலையான தேவை உண்டு. இயன்றவர், ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் படிப்பை முடித்தபின் பிள்ளையை அனுப்புதல் சிறப்பு. இரண்டாண்டு கூலியை இழக்கின்றோமே என்று தோன்றும். ஆனால் அவ்விரண்டாண்டுகளே, உயர்ந்துவிட்ட முதற்படியை எட்டப் பிள்ளைக்கு நாம் இட்டுத் தரும் மணைப்பலகை.

வானம் பார்த்த நிலத்தில் வாடிய எத்தனையோ குடும்பங்களுக்குத் திருப்பூர் சோறு போட்டது. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். அதே நகரில் கை வெறுமையாகத் திரும்பியவர்களும் உளர். இதனை மறைப்பது பொய்யுரைத்தலாகும். அடுத்த முறை "சாமி, அனுப்பலாமா?" என்று கேட்டு வரும் பெற்றோர், மேற்கூறிய நான்கு வினாக்களுக்கும் விடை அறிந்து வருவார்களாயின், நாம் விடை கூற வேண்டிய தேவையே இராது. அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.