சளிக்கு பிராந்தியில் மிளகு போட்டு சூடா குடிச்சா சரியாகிடுமா? உண்மை என்ன?

வேலூரை 'வெயிலூர்' என்று கிண்டல் பண்ணுவோம். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் அதிகாலைப் பனி நடுங்க வைத்துவிடும். டேனரியில் ஈரத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கும், விடியும் முன்பே ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கும் சளி பிடித்தால், பக்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு கட்டிங் பிராந்தியில மிளகுத்தூள் போட்டு சூடா குடிச்சிட்டுப் படு, காலையில சரியாகிடும்!"

மேலை நாடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த 'சைடர்' என்ற மதுவில் பட்டை, கிராம்பு, இஞ்சி போட்டுச் சூடாக்கி, குளிர்காலத்தில் குடிப்பார்கள். சரி, இது உண்மையில் மருந்தா?

குடிச்சதும் கதகதப்பா இருக்கே, எப்படி?

மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் அங்கே வருவதால் கதகதப்பு தெரிகிறது. ஆனால் உடலின் உள்வெப்பம் அதே வழியாக வெளியேறிவிடும். சளிக்குக் காரணம் வைரஸ். குடிக்கும் மது அதைக் கொல்லாது.

கொதிக்க வைத்தால் ஆல்கஹால் போய்விடாதா?

முழுதாகப் போகாது. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, உணவில் கலந்து 15 நிமிடம் கொதிக்க வைத்தாலும் சுமார் 40% தங்கிவிடும். இன்னொரு ஆபத்து, பிராந்தியை கேஸ் அடுப்பில் சூடாக்கினால் அதன் ஆவி குப்பென்று தீப்பிடிக்கலாம்.

மிளகு, இஞ்சி, தேன் சேர்த்தால் நல்லதுதானே?

தொண்டைக்கு இதம் தருவது அவையும் சூடும்தான், பிராந்தி இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதெல்லாம் கூடவே கூடாது!

* சளிக்குப் போடும் செட்டிரிசின் போன்ற மாத்திரையோடு மது சேர்ந்தால் தூக்கம் அசத்தும். மறுநாள் காலை மெஷினில் நிற்பவர்களுக்கும், பைக் ஓட்டுபவர்களுக்கும் இது பெரிய ஆபத்து.
* தொடர்ந்து குடிப்பவர்கள் பாராசிட்டமால் போட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.
* குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு பிராந்தி வைப்பது வேண்டவே வேண்டாம். ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டெனக் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்போ என்ன குடிக்கலாம்?

இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் சுக்குத்தூள், ஒரு ஸ்பூன் தட்டிய மல்லி, 5 மிளகு, சின்னத் துண்டு பட்டை, கொஞ்சம் கருப்பட்டி போட்டு நன்றாகக் கொதிக்க விட்டு வடிகட்டினால் இரண்டு பேருக்கு வரும். சைடர் ருசி வேண்டுமா? புளிக்காத ஆப்பிள் ஜூஸில் பட்டை, கிராம்பு, இஞ்சி போட்டுச் சூடாக்குங்கள். இதுவும் வைரஸை விரட்டாது, தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியையும் ஜூஸையும் தவிர்ப்பது நல்லது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

மூச்சுத் திணறல், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் தாமதிக்காதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அது காசநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். 'கட்டிங்' போட்டு நாளைத் தள்ளினால், நோயும் முற்றும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.