நர்சரியில் அழகுச்செடி, காட்டில் ஆக்கிரமிப்பாளர்! உண்ணிச்செடி இப்படி ஆனது எப்படி?

அபார்ட்மென்ட் பால்கனிக்கு ஏதாவது பூச்செடி வாங்கலாம் என்று நர்சரிக்குப் போனால், முன்வரிசையிலேயே கண்ணைப் பறிக்கும் ஒரு குட்டிச்செடி நிற்கும். ஒரே கொத்தில் நடுவில் மஞ்சள், அதைச் சுற்றி ஆரஞ்சு, ஓரத்தில் சிவப்பு. பெயர் கேட்டால் 'லாண்டானா' என்பார்கள். "நல்லா வெயில் படுற இடத்துல வைங்க, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்துங்க, போதும். வருஷம் முழுக்கப் பூக்கும், பட்டாம்பூச்சி வரும்" என்பது வழக்கமான சிபாரிசு. அதில் எதுவும் பொய் இல்லை.

அதே செடியை கிராமத்தில் வளர்ந்த ஒருவரிடம் காட்டினால், "அட, இது நம்ம உண்ணிச்செடி ஆச்சே! இதையா காசு கொடுத்து வாங்குறாங்க?" என்று சிரிப்பார். வேலியோரம், ரயில் பாதையோரம், கரட்டு மேடு என்று எங்கும் முளைத்துக் கிடப்பது அது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வேலை செய்பவர்களுக்கோ சிரிப்பு வராது. பல ஆண்டுகளாகப் பிடுங்கியும் ஓயாத தலைவலி அவர்களுக்கு இந்தச் செடி.

2020-ல் இந்திய வனஉயிரின நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. பரப்பளவில் சொன்னால் சுமார் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.30 லட்சம் சதுர கிலோமீட்டர்தான்.

தொட்டியில் வைத்த ஒரு பூச்செடி இவ்வளவு தூரம் போனது எப்படி?

எங்கிருந்து வந்தது?

உண்ணிச்செடியின் தாயகம் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1753-ல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதற்கு 'லாண்டானா கமாரா' என்று பெயர் வைத்தார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஐரோப்பாவின் தோட்டக்காரர்கள் நெருங்கிய வகைகளை ஒன்றோடொன்று கலந்து, புதுப்புது நிறங்களை உருவாக்கத் தொடங்கினார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, தங்க மஞ்சள், அடர் சிவப்பு, குட்டை ரகம், படரும் ரகம் என்று பட்டியல் நீண்டது. உலகம் முழுக்க 650-க்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு என்பது களைகள் பற்றிய நூல்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தியாவுக்கு இது வந்ததாகக் கிடைக்கும் பழைய பதிவு 1807-ம் ஆண்டுடையது. கிழக்கிந்திய கம்பெனி கல்கத்தாவில் நடத்திய தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. பிறகு பங்களாக்களுக்கு வேலிச் செடியாகவும் ஊர் ஊராகப் போனது. அதாவது, இன்று நம் காடுகளில் மண்டிக் கிடப்பது அமெரிக்கக் காட்டிலிருந்து நேராக வந்த செடி இல்லை. மனிதர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தோட்டச் செடிகளின் வாரிசு. எந்த மண்ணிலும் வளரணும், வெயில் தாங்கணும், வருஷம் முழுக்கப் பூக்கணும் என்று தோட்டக்காரர் விரும்பிய அத்தனை குணமும், வேலி தாண்டிய பிறகு அதற்கு ஆயுதமாகிவிட்டது.

ஒரே கொத்தில் பல நிறம் ஏன்?

பல ரகங்களில் பூ விரியும்போது மஞ்சளாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை நடந்து வயது கூடக் கூட ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறும். புதிய பூக்கள் கொத்தின் நடுவிலும் பழைய பூக்கள் ஓரத்திலும் இருப்பதால்தான் அந்த வளைய வளையமான அழகு.

இது செடி செய்யும் ஒரு விளம்பர உத்தி. தேன் இருப்பது புது மஞ்சள் பூவில். பட்டாம்பூச்சிகள் அதைக் கற்றுக்கொண்டு மஞ்சளை நோக்கியே போகின்றன. ஆனாலும் பழைய பூக்களைச் செடி உடனே உதிர்ப்பதில்லை. கொத்து பெரிதாகத் தெரிந்தால்தான் தூரத்தில் போகும் பூச்சியின் கண்ணில் படும். கடைக்கு வெளியே பெரிய போர்டு வைத்துவிட்டு, சரக்கை உள்ளே வைத்திருப்பது மாதிரி.

காட்டுக்குள் எப்படிப் போனது?

பறவைகள் மூலம்தான். பூ முடிந்ததும் பச்சைக் காய்கள் வரும், பழுத்தால் கருநீலமாக மின்னும். கொண்டைக்குருவி, மைனா போன்ற பறவைகளுக்கு இது பிடித்த தீனி. தின்றுவிட்டு எங்கேயோ ஒரு மரத்தில் உட்கார்ந்து எச்சமிட்டால், அங்கே விதை விழும். நன்றாக வளர்ந்த ஒரு செடி ஆண்டுக்கு 12,000 பழங்கள் வரை தரக்கூடியது. பால்கனியில் இருக்கும் செடிக்கும் இது பொருந்தும். சுவர் இருக்கிறது, தொட்டி இருக்கிறது என்பதெல்லாம் பறவைக்குக் கணக்கில்லை.

காட்டுக்குள் மரம் வெட்டிய இடம், சாலை போட்ட இடம், தேக்குத் தோட்டத்தின் ஓரம் என்று வெளிச்சம் விழும் இடமெல்லாம் அதற்கு வாசல். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலைக் காட்டில் ஆய்வாளர்கள் 1997-ல் பார்த்தபோது 41 சதவீத மாதிரி இடங்களில் உண்ணிச்செடி இருந்தது. 2008-ல் அதே காட்டில் இது 81 சதவீதம். பதினொரே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதற்கு அங்குள்ள சோளகர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். கோடை தொடங்கும் முன்பே சருகுக்குச் சிறிய அளவில் தீ வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்த மெல்லிய தீ, இளஞ்செடிகளைக் கட்டுக்குள் வைத்தது. 1974-ல் காடு சரணாலயமான பிறகு தீ வைப்பது தடுக்கப்பட்டது. அதன் பிறகுதான் உண்ணி மண்டியது என்கிறார்கள். இப்போது தீ வைத்தாலும் பயனில்லை. செடி புதராகித் தடித்துவிட்டதால் தீ உயரமாகவும் உக்கிரமாகவும் எரியும், மரங்களும் சாகும். எரிந்த உண்ணியோ அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும்.

வளர்ந்தால் என்ன நஷ்டம்? அதுவும் பச்சைதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகத்தான் தெரியும். சிக்கல் தரைமட்டத்தில் இருக்கிறது. ஆளுயரத்துக்கு மேல் முட்களோடு பின்னிக்கொள்ளும் புதருக்குக் கீழே புல் வளராது, மரக்கன்றுகள் தலையெடுக்காது. புல் குறைந்தால் மான், காட்டெருமை, யானை ஆகியவற்றின் தீனி குறைகிறது.

இலையைத் தின்னலாமே என்றால், அதில் 'லாண்டடீன்' என்ற நச்சு இருக்கிறது. மேய்ச்சல் இல்லாத காலத்தில் பசியில் தின்னும் மாடுகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்ட இடத்தில் தோல் வெடித்துப் புண்ணாகும்.

காட்டை நம்பி வாழும் மக்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. தேன், நெல்லி, கிழங்கு தேடிப் போகும் பாதைகள் மூடிக்கொள்கின்றன. புதருக்கு அந்தப் பக்கம் யானை நிற்கிறதா என்பது பத்தடி நெருங்கும்வரை தெரியாது.

உண்ணிச்செடியால் எந்த நன்மையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டாம்பூச்சிக்குத் தேன் கிடைக்கிறது, பறவைக்குப் பழம் கிடைக்கிறது. ஆனால் பல வகைச் செடிகள் நின்ற இடத்தை ஒரே செடி பிடித்துக்கொள்வதுதான் இங்கே விலை.

பூச்சி விட்டு அழிக்க முடியாதா?

முயற்சி நடக்காமல் இல்லை. 1902-லேயே ஹவாய் தீவுகளில் உண்ணிச்செடியைத் தின்னும் பூச்சிகளை மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இந்தியாவும் 1941-ல் இலையின் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சியை வரவழைத்தது. உலக அளவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பூச்சி, பூஞ்சை வகைகள் இப்படி முயன்று பார்க்கப்பட்டன. சில இடங்களில் ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் எங்கும் செடி முழுதாக அடங்கவில்லை.

காரணம், மறுபடியும் அந்தத் தோட்ட ரகங்கள்தான். பூச்சி தன் சொந்த ஊரில் தின்று பழகியது இயற்கையான ஒரு வகையை. இங்கே இருப்பதோ மனிதன் கலந்து உருவாக்கிய விதவிதமான ரகங்கள். ஒரு ரகத்தை விரும்பித் தின்னும் பூச்சி, பக்கத்திலேயே நிற்கும் வேறு நிறப் பூ ரகத்தைத் தொடாமல் போவது ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கிறது.

வெட்டினால் போகாதா?

மேலாக வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் கார்பெட் காட்டில் வேறு முறையைக் கையாண்டார்கள். மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே, துளிர் கிளம்பும் பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. எந்திரமோ மருந்தோ வேண்டாம். ஆனால் வேலை அத்துடன் முடியாது. உடனே உள்ளூர்ப் புல்லை விதைக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளுக்கு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் விட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அயல் செடிகளை அகற்றி, காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தப் பட்டியலில் உண்ணிச்செடியும் உண்டு. இதேபோல அழகுக்காகவும் நிழலுக்காகவும் வந்து நீலகிரிக் காடுகளில் பரவிய மஞ்சள் பூ மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸும் உண்டு.

குச்சியிலிருந்து பிறந்த யானைகள்

பிடுங்கிய செடியை என்ன செய்வது? மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் மூங்கில், பிரம்புக்குப் பதிலாக உண்ணிக் குச்சியில் நாற்காலி, கூடை பின்னுகிறார்கள். கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகக் கலைஞர்கள் இணைந்த 'தி ரியல் எலிஃபென்ட் கலெக்டிவ்' குழு, குச்சியை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து நிஜ அளவு யானைகளைச் செய்கிறது. இந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பயணம் தொடங்கின. வருமானம் கிடைக்கிறது, கவனமும் கிடைக்கிறது. ஆனால் 1.54 லட்சம் சதுர கிலோமீட்டரை நாற்காலி செய்தே தீர்த்துவிட முடியாது.

'விதை வைக்காத ரகம்' பாதுகாப்பானதா?

சில ரகங்கள் உண்மையிலேயே ஏறக்குறைய மலடானவை. விதையில்லாத் தர்பூசணி மாதிரி, மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்டவை. அவற்றால் ஒழுங்காக விதை உருவாக்க முடியாது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இப்படி 'புளூமிஃபை' என்ற ரகங்களை உருவாக்கி, சோதித்து வெளியிட்டது.

ஆனால் சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது. மூன்று தொகுதி இருந்தும் சில ரகங்கள் விதை வைக்கின்றன. விதை வைக்காத வேறு சில ரகங்களின் மகரந்தம் பக்கத்துச் செடியைக் காய்க்க வைக்கிறது. ஆக, லேபிளில் 'மலட்டு ரகம்' என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. நம் ஊர் நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் ரகத்தின் பெயரே இருப்பதில்லை. ஆஸ்திரேலியா இந்தச் செடியைத் தேசிய அளவில் முக்கியமான களைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே, என்ன செய்வது?

பதற வேண்டாம். பூ வாடியதும் கொத்தோடு கிள்ளிவிட வேண்டும். பச்சைக் காய் தெரிந்தால் அது பழுக்கும்வரை விடக்கூடாது. வெட்டிய கிளைகளைக் காலிமனையில் வீசக்கூடாது. ஈரம் பட்டால் தண்டும் வேர்விடும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் காயை, இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள், காட்டையொட்டிய ஊர்களில் இருப்பவர்கள், வேரோடு எடுத்துவிடுவதே சரி.

புதிதாக வாங்குவோருக்கு மாற்று நிறையவே உண்டு. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சியும், கனகாம்பரமும் தென்னிந்தியாவுக்குச் சொந்தமான புதர்ச்செடிகள். இட்லிப்பூவில் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, குட்டை ரகம் எல்லாம் கிடைக்கும், தொட்டியிலும் நன்றாக வரும். டிசம்பர் பூவும் நல்ல தேர்வு.

பட்டாம்பூச்சிக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் ஒரு விஷயம். உண்ணிச்செடி கொடுப்பது தேன் மட்டும்தான். நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகளில் பெரும்பாலானவை அதில் முட்டையிடுவதில்லை. ஏனென்றால் அவற்றின் புழுக்கள் அந்த இலையைத் தின்பதில்லை. வெட்சிக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலையும் ஓர் எலுமிச்சையும் வைத்தால், அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிடும். புழு கொஞ்சம் இலையைக் கடிக்கும், ரசத்துக்குக் கறிவேப்பிலை குறையும். ஆனால் சில வாரங்களில் பால்கனியிலேயே புதுப் பட்டாம்பூச்சி இறக்கை விரிப்பதைப் பார்க்கலாம்.