ஓர் ஊரும் பல ஆய்வேடுகளும்

மன்னார்ப் பெருநிலத்தின் தென்கோடியில், மோதரகம் ஆறு கடலைச் சேருமிடத்துக்கு அணித்தாக, மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. புத்தளத்திலிருந்து அக்காட்டினூடே வரும் பழைய வீதி இவ்வூரைத் தொட்டுக்கொண்டு சிலாவத்துறைப் பக்கமாகச் செல்கின்றது. வழிப்போக்கர் கண்ணுக்கு இது காட்டோரத்துக் கிராமங்களுள் ஒன்று, அவ்வளவே. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்து முத்து வணிகர் பலரும் அறிந்திருந்த பெயர் மறிச்சுக்கட்டி. முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கே ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே எழும். சில கிழமைகளுக்குப் பின் மறையும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மன்னார்ப் பார்களிலிருந்து 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருமானம் கிடைத்தது.

இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் பல்கலைக்கழகம் புகுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தம் ஊரைப்பற்றி முன்னர் யார் யார் ஆராய்ந்தனர் என அறிய அவருக்கு ஆவல். நூலகத்துப் பட்டியலில் ஊர்ப்பெயரைத் தேடுகின்றார். ஒன்றும் அகப்படவில்லை. ‘நம் ஊரை யாரும் பொருட்படுத்தவில்லை’ என்று அவர் முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு பிழையானது. அவர் தேடும் செய்தி இருக்கின்றது. ஆனால் அது கடலியலில் ஒரு பகுதி, வரலாற்றில் ஒரு பகுதி, மானிடவியலில் ஒரு பகுதி எனச் சிதறி, நான்கைந்து நாடுகளின் பல்கலைக்கழகங்களில் கிடக்கின்றது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தலைப்பில் மறிச்சுக்கட்டி என்னும் சொல்லே இராது.

ஆய்வேடு என்பது நூலைப் போன்றதன்று. நூலுக்குப் பதிப்பாளர் உண்டு, விற்பனையாளர் உண்டு, விளம்பரம் உண்டு. ஆய்வேடோ தேர்வாளர் இருவர் மூவர் படிப்பதற்காக எழுதப்படுவது. கலாநிதிப் பட்டம் கிடைத்ததும் அதன் வேலை முடிந்துவிட்டதாகவே பலர் கருதுவர். தட்டச்சுக் காலத்தில் கரித்தாள் வைத்து நான்கைந்து படிகள் எடுப்பர். பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, வழிகாட்டிய பேராசிரியருக்கு ஒன்று, எழுதியவர் வீட்டுப் பெட்டியில் ஒன்று. கரையானும் மழையும் போரும் தாண்டி அவை நிலைத்தால் உண்டு. இத்தனைக்கும், ஒருவர் மூன்றாண்டு நாலாண்டு ஒரே பொருளில் ஊன்றி நின்று சேர்த்த செய்தி முழுவதும் அந்த ஏட்டிலேதான் இருக்கும். பின்னர் வரும் கட்டுரையிலும் நூலிலும் அதன் சாரமே வரும்.

தேடுவோருக்கு முதல் இடையூறு எழுத்துக்கூட்டல். மறிச்சுக்கட்டியை ஆங்கிலத்தில் எழுதியவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதினர். ‘ச்சு’ என்பது சிலரிடம் ‘ச்சி’ ஆயிற்று. ககரம் ஒருவரிடம் இரட்டித்தது, மற்றவரிடம் தனித்து நின்றது. ஈற்று ‘ட்டி’யை இலங்கை வழக்குப்படி ‘டீ’ என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்து எழுதுவர். தமிழ்நாட்டு வழக்குப்படி எழுதினால் வேறெழுத்து வரும். மன்னாருக்கும் இதே கதி. பழைய ஆவணங்களில் அதற்கு ஒரே நகரமும் இரட்டை அகரமும் இடுவது வழக்கம். அரிப்பு ‘அரிப்போ’ ஆயிற்று. கொண்டச்சி ‘கொண்டாச்சி’ என்று தோன்றும்படி எழுதப்பட்டது. எனவே தேடுபவர் முதலில் ஒரு தாளை எடுத்து, ஊர்ப்பெயரின் எல்லா உருவங்களையும் வரிசையாக எழுதிக்கொள்ளுதல் வேண்டும். இது சிறுபிள்ளை வேலைபோலத் தோன்றும். ஆயினும் இதைச் செய்யாதவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவர்.

இரண்டாவது இடையூறு துறைக்குத் துறை மாறும் பெயர். முத்துச்சிப்பியையே எடுத்துக்கொள்வோம். லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து, ஜேம்ஸ் ஹோர்னெல் துணையோடு மன்னார் வளைகுடாப் பார்களை ஆராய்ந்தார். அவ்வறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் ராயல் சொசைட்டியால் வெளியிடப்பட்டது. அதில் இச்சிப்பியின் பெயர் ‘மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ்’. பின்வந்த விலங்கியலாரோ அதனைப் ‘பிங்க்டாடா’ என்னும் பேரினத்தில் வைத்து, ‘ஃபுக்காட்டா’ என்று வழங்கலாயினர். சிப்பி அதே சிப்பிதான்; பெயர் மட்டும் மாறிற்று. தூத்துக்குடிப் பக்கத்தில் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டிய பின்னர், அச்சிப்பியைப்பற்றிப் பல ஆய்வேடுகள் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கொச்சியிலும் எழுந்தன. வளைகுடாவின் இருகரைக்கும் பொதுவான உயிர் அது. மறிச்சுக்கட்டிப் பார்கள் ஏன் வறண்டன என்று கேட்பவர் அவற்றைப் படித்தாக வேண்டும். ‘இலங்கை’ என்று மட்டும் தேடினால் அவை கிட்டா.

வரலாற்றுத் துறையில் நிலைமை வேறு. அங்கே ஊர் மறைந்து பேரரசு முன் நிற்கும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2016இல் சாமுவேல் ஒஸ்ட்ரோஃப் அளித்த ஆய்வேடு, ஏறத்தாழ 1770 முதல் 1840 வரையிலான தென்னிந்திய, இலங்கை முத்துக்குளிப்பின் அதிகாரத்தையும் ஆதாயத்தையும் ஆராய்வது. ‘பேரரசின் பார்கள்’ என்று தமிழாக்கத்தக்க தலைப்பில் எந்த ஊர்ப்பெயரும் இல்லை. இலண்டனில் உருவாகிப் பின்னர் நூலான கொல்வின் ஆர். டி சில்வாவின் ஆய்வு, ஆங்கிலேயர் இலங்கையைக் கைக்கொண்ட காலத்தைப்பற்றியது. அரசரத்தினத்தின் இலண்டன் ஆய்வேடு ஒல்லாந்தர் ஆட்சியைப்பற்றியது. இத்தகைய ஏடுகளில் தேட வேண்டியது பொருளடக்கத்தையும் வருமான இயல்களையும் பின்னிணைப்பையும் ஆகும். முத்துக்குளிப்பு அரசாங்க வருமானம் ஆதலின், ‘வருமானம்’, ‘குத்தகை’ என்னும் தலைப்புகளின் கீழே ஊர் ஒளிந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வகைதான் மறிச்சுக்கட்டி மக்களுக்கு மிக நெருக்கமானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடும் வயலும் தோணியும் விட்டுச் சென்றனர். முசலிப் பகுதி மக்களுள் மிகப் பலர் புத்தளத்திலும் கற்பிட்டிப் பக்கத்திலும் இருபதாண்டுக் காலம் முகாம்களில் வாழ்ந்தனர். ஊர் வெறுமையாய்க் கிடந்த அந்த ஆண்டுகளில் ஊரைப்பற்றிய ஆராய்ச்சி எங்கே நடந்திருக்கும்? ஊரார் எங்கே இருந்தனரோ அங்கே. ஆகையால் ‘மன்னார்’ என்று தேடுபவருக்குக் கிடைக்காதது ‘புத்தளம்’ என்று தேடுபவருக்குக் கிடைக்கும். நோர்வே நாட்டுத் திரொன்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் கத்ரின் புருன் 2003இல் அளித்த ஆய்வேடு இத்தகையது. ‘ஓர் இடம் தேடல்’ என்று பொருள்படும் அதன் தலைப்பில் முஸ்லிம் என்ற சொல்லுமில்லை, மன்னார் என்ற சொல்லுமில்லை. இடப்பெயர்வு, இலங்கை என்னும் இரண்டே அடையாளங்கள். 2006இல் எடின்பரோவில் ஷாரிகா திராணகம அளித்த ஆய்வேடு யாழ்ப்பாணத் தமிழர், யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஆகியோரின் வீடு, நினைவு ஆகியவற்றைப்பற்றியது. மறிச்சுக்கட்டியார் பட்ட துயரத்துக்கு அடுத்த வீட்டுத் துயரம் அதில் பதியப்பட்டிருக்கின்றது.

இப்பல்வகை ஏடுகளையும் எங்கே கண்டுபிடிப்பது? ஒரே வாயில் இல்லை என்பதே விடை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டும் என்று விதி செய்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நிலையத்தின் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் பல இலட்சம் ஆய்வேடுகள் இடம்பெற்றுள்ளன. தமிழில் எழுதப்பட்டவையும் அவற்றுள் உண்டு. ஆனால் தமிழ் ஏடுகளின் தலைப்புகள் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து இடப்பட்டிருக்கக் காண்பதுண்டு. தமிழில் மட்டும் தேடி ஏமாறலாகாது. அமெரிக்க ஏடுகளுக்கு 1938இல் ஆன் ஆர்பரில் தொடங்கிய நுண்படலத் தொழிலகத்தின் வழிவந்த ‘புரோகுவெஸ்ட்’ பட்டியல் உண்டு. அதன் முழு வாசகத்துக்குக் கட்டணம் வேண்டும். எனினும் பல பல்கலைக்கழகங்கள் தம் மாணவரின் ஏடுகளைத் தம் களஞ்சியத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. கட்டணம் கேட்கும் கதவைத் தட்டுமுன் அதை ஒருமுறை பார்ப்பது சிக்கனம். பிரித்தானிய நூலகம் 2009இல் தொடங்கிய ‘ஈதோஸ்’ சேவை, அந்நாட்டு ஏடுகளை ஒரே இடத்தில் காட்டிற்று. 2023 அக்டோபரில் அந்நூலகத்துக் கணினிகள்மீது நடந்த தாக்குதலால் அது நின்றது. அதனையே நம்பியிருந்தவர்கள் மீண்டும் இலண்டன், எடின்பரோ, கேம்பிரிட்ஜ் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்துப் பட்டியலாக ஏறி இறங்கினர்.

இலங்கையில் பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்கள் தத்தமக்கு மின்களஞ்சியம் வைத்துள்ளன. அச்சில் வந்த வழிகாட்டிகளுள், பேராதனை நூலகராயிருந்த இயன் குணதிலக்க 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை நூற்பட்டியலுக்கு ஈடு ஒன்றுமில்லை. அது மேனாட்டு மொழிகளில் வந்தவற்றை மட்டும் கூறுவது; தமிழுக்கு உதவாது. இருந்தும், கணினி காட்டாத பழைய அறிக்கைகளை அது காட்டும். ஒரு தனி மனிதர் இத்தகைய பட்டியலைச் செய்து முடித்தார் என்பதை இன்றைய நூலகர்கள் வியப்போடுதான் நோக்குவர்.

எல்லா வாயிலும் அடைத்துக்கொண்டால் ஒரு வழி உண்டு. பொருளுக்கு அண்மையான ஓர் ஆய்வேட்டையேனும் கைப்பற்றி, அதன் ஈற்றிலுள்ள துணைநூற்பட்டியலை வரி வரியாகப் படித்தல். ஆராய்ச்சியாளர் ஒருவர் தமக்கு முன் வந்தவரைக் குறிப்பிடாமல் எழுத இயலாது. அப்பெயரைப் பிடித்து அடுத்த ஏட்டுக்கும், அங்கிருந்து அதற்கு முந்தியதற்கும் போகலாம். கயிறு பிடித்து ஆழத்தில் இறங்கிய முத்துக்குளிப்பாருக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை.

கண்டெடுத்ததை அப்படியே நம்புதலும் கூடாது. கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு இலங்கையின் திராவிடக் குடியிருப்புகளைப்பற்றியது. அது நூலாக அச்சேறாமலே நீண்ட காலம் மேற்கோள் காட்டப்பட்டு வந்தது. 2005இல் வெளியிட்ட நூலில் தம் பழைய கருத்துகள் சிலவற்றை அவரே மாற்றிக்கொண்டார். பழைய ஏட்டை மட்டும் கண்டவர், ஆசிரியர் கைவிட்ட கருத்தை அவர் பெயராலேயே வழங்கிக்கொண்டிருப்பர்.

இந்தத் தேட்டம் மறிச்சுக்கட்டியில் வெறும் அறிவுப் பசி அன்று. போர் 2009இல் முடிந்தபின் மக்கள் திரும்பியபோது, பழைய மனைகளையும் வயல்களையும் காடு மூடியிருந்தது. 2012 அக்டோபரில் மறிச்சுக்கட்டி–கரடிக்குளிப் பகுதி ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017இல் மாவில்லுப் பாதுகாப்பு வனம் அறிவிக்கப்பட்டபோது, தாம் வாழ்ந்த நிலமும் அதனுள் அடங்கிற்று என்று மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். காட்டைக் காக்க வேண்டும் என்போர் ஒருபுறமும், இது எங்கள் ஊர் என்போர் மறுபுறமும் நின்றனர். இரு தரப்பாருக்கும் வேண்டியது ஒன்றே: 1990க்கு முன் எது ஊர், எது காடு என்பதற்குச் சான்று. ஆய்வேடு காணி உறுதி ஆகாது. நீதிமன்றத்தில் அதன் நிறை வேறு. ஆயினும் புவியியல் மாணவர் ஒருவர் இடப்பெயர்வுக்கு முன்பு அப்பகுதியின் குளத்தையும் வயலையும் பள்ளிக்கூடத்தையும் எண்ணி வரைபடமிட்டிருப்பாராயின், இன்று அதற்கு நிகரான நடுநிலைச் சாட்சி வேறு யார்? வழக்கு வருமென்று எதிர்பார்த்து எழுதப்பட்டதன்று அது.

அத்தகைய ஏடுகள் பெரும்பாலும் பெரிய பட்டியல்களில் ஏறாதவை. கலைமாணிச் சிறப்புப் பட்டத்துக்கும் முதுமாணிக்கும் எழுதப்பட்ட சிற்றாய்வேடுகள், அவற்றிலும் தமிழில் எழுதப்பட்டவை, துறை அலுவலக அலுமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். இவற்றை இணையம் காட்டுவது அரிது. துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதவேண்டும். நூலகரை நேரில் கண்டு கேட்கவேண்டும். பொருள், ஆண்டு, ஊர்ப்பெயரின் பல உருவங்கள் ஆகியவற்றைக் குறித்த அந்தத் தாளைக் கையோடு கொண்டு செல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் தம் ஏட்டின் படியை இன்னும் வீட்டில் வைத்திருக்கின்றனர். கேட்பாரில்லாமையால் அது கிடக்கின்றது. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தார் போன்றோரிடம் அப்படியைப் பதிவு செய்யக் கொடுக்கலாம். ஊர்ப் பாடசாலை நூலகத்தில் வேறொரு படி வைக்கலாம். மறிச்சுக்கட்டியில் அதற்கு வேண்டுவது ஓர் அலுமாரியும், பெயர் எழுதி வைக்க ஒரு கொப்பியும்.